கியூபன் சாண்ட்விச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியூபன் சாண்ட்விச்சில் என்னதான் இருக்கிறது?

நீளமான கியூபன் ரொட்டியை நெடுக்காகப் பிளந்து, உள்ளே புளிப்பும் பூண்டுமாக ஊறி வெந்த பன்றி இறைச்சி, ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி), ஸ்விஸ் சீஸ், வெள்ளரி ஊறுகாய், மஞ்சள் மஸ்டர்ட் ஆகியவற்றை வைத்து, ரொட்டியின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவி, சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்திலுள்ள டாம்பா நகரத்தில் இவற்றோடு சலாமி என்ற இத்தாலியப் பதப்படுத்திய இறைச்சியும் சேரும். பிறகு மூலைக்கு மூலை சாய்வாக ஒரே வெட்டு. பட்டியல் இவ்வளவுதான். தகராறெல்லாம் இந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளேயே நடக்கிறது.

இது கியூபாவில் பிறந்ததா, அமெரிக்காவில் பிறந்ததா?

இப்படிக் கேட்பவர்கள் ஓர் ஊரின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் காட்டக்கூடியது ஒரு கப்பல் பாதையைத்தான்.

19ஆம் நூற்றாண்டில் கியூபா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 1868இல் வெடித்த விடுதலைப் போர் பத்து ஆண்டுகள் நீடித்தது. ஹவானாவில் சுருட்டு ஆலை நடத்திவந்த விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர் பிறப்பால் ஸ்பானியர். ஆனால் கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்தவர். நெருக்கடி முற்றியதும் 1869இல் தொழிலை ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்ட்டுக்கு மாற்றிக்கொண்டார். ஹவானாவிலிருந்து அது இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை. 1885இல் டாம்பாவை ஒட்டி நிலம் வாங்கி, ஆலைகளும் தொழிலாளர் வீடுகளுமாகப் புதிதாக ஓர் ஊரையே எழுப்பத் தொடங்கினார். அதுதான் ஈபோர் சிட்டி. மறு ஆண்டு ஏப்ரலில் கீ வெஸ்ட்டில் பெருந்தீ பிடித்து அங்கிருந்த அவருடைய ஆலையும் எரிந்துபோனது. வேலை இழந்த தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக டாம்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

1880இல் டாம்பாவில் ஆயிரம் பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊரை ஈபோர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. ஹென்றி பிளான்ட் என்பவரின் ரயில் பாதை 1884இல் அங்கே வந்துசேர்ந்திருந்தது. அவரே ஹவானாவுக்கும் கீ வெஸ்ட்டுக்கும் டாம்பாவுக்கும் இடையே நீராவிக் கப்பல்களை விட்டார். அவற்றுள் மஸ்காட் என்ற கப்பல் இன்றும் டாம்பாவின் நகர முத்திரையில் மிதக்கிறது. புகையிலை காய்ந்து நொறுங்காமல் சுற்றுவதற்கு ஏற்ற ஈரக்காற்றும் அங்கே இருந்தது. கப்பலில் புகையிலைக் கட்டுகள் வந்தன, அவற்றோடு ஆட்களும் வந்தார்கள். வேலை இருக்கும்போது இக்கரை, இல்லாதபோது அக்கரை என்று போய்வருவது அந்தத் தொழிலாளர்களுக்குச் சாதாரண விஷயம்.

ஹவானாவின் கஃபேக்களில் பலவகை இறைச்சி கலந்து விற்ற சாண்ட்விச்சுக்கு 'மிக்ஸ்டோ' என்று பெயர். அதே பெயரில் அதே பண்டம் கீ வெஸ்ட்டிலும் டாம்பாவிலும் விற்றது. அங்கே ஒரு ரொட்டி, இங்கே ஓர் இறைச்சி என்று மாறி மாறிச் சேர்ந்து இன்றைய உருவத்துக்கு வந்தது. இன்ன சமையல்காரர்தான் இதை முதன்முதலில் செய்தார் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். கொலம்பஸுக்கு முன்பே தைனோ பழங்குடியினர் மரவள்ளி ரொட்டிக்கு நடுவே மீனை வைத்துத் தின்றார்கள், அதுதான் இதற்கு மூலம் என்றும் இணையத்தில் எழுதுகிறார்கள். ரொட்டிக்குள் எதையாவது வைத்துத் தின்னாத மக்கள் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள்?

சுருட்டுத் தொழிலாளர்களின் உணவு என்கிறார்களே, அது உண்மையா?

ஆலை வாசல்களில் இருந்த கஃபேக்கள் அவர்களை நம்பித்தான் நடந்தன. ஈபோர் சிட்டியில் இன்றும் இயங்கும் கொலம்பியா உணவகம், காசிமிரோ ஹெர்னாண்டெஸ் என்ற கியூபக் குடியேறி 1905இல் தொடங்கியது. அன்று அது தெருமுனையில் ஒரு சிறு காபிக் கடை. காபிக்கும் சாண்ட்விச்சுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் சுருட்டுத் தொழிலாளர்கள்.

அந்த ஆலைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றும் கூடத்தில், உயரமான ஒரு மேடையில் ஒருவர் அமர்ந்து உரக்கப் படிப்பார். அவருக்கு 'லெக்டோர்' என்று பெயர். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். என்ன படிக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட உலக அரசியல் பேசினார்கள். கியூப விடுதலைத் தலைவர் ஹொசே மார்த்தி 1891இலிருந்து பலமுறை இங்கே வந்து பேசிப் போராட்டத்துக்குப் பணம் திரட்டினார். இடதுசாரிக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி 1931இல் ஆலை முதலாளிகள் லெக்டோர்களை வெளியேற்றினார்கள். மேடைகள் போயின; பிற்பாடு அங்கே வானொலிப் பெட்டி வந்தது.

கியூபர், ஸ்பானியர், சிசிலித் தீவிலிருந்து வந்த இத்தாலியர் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலைசெய்தார்கள். அதனால் இந்தச் சாண்ட்விச்சே ஒற்றுமையின் சின்னம் என்று டாம்பாவின் சுற்றுலாப் பிரசுரங்கள் உருகுகின்றன: ஹாம் ஸ்பானியருடையது, ஊறிய பன்றி கியூபருடையது, சலாமி இத்தாலியருடையது என்று பங்கு பிரித்தும் காட்டுகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ஊரில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தனித்தனியே சங்கக் கட்டடம் வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களால், ஒரே கியூபாவிலிருந்து வந்த கறுப்பர்கள் வெள்ளைக் கியூபர்களின் சங்கத்தில் இருக்க முடியாமல் மார்த்தி-மசேயோ என்ற பெயரில் தனிச் சங்கம் கண்டார்கள். சாண்ட்விச்சில் எல்லாம் கலந்தன என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

டாம்பாவுக்கும் மயாமிக்கும் என்ன சண்டை?

சலாமி. டாம்பாவில் ஜெனோவா சலாமி இல்லாவிட்டால் அது கியூபன் சாண்ட்விச்சே இல்லை. மயாமியில் அதே சலாமி இருந்தால் அது கியூபன் சாண்ட்விச் இல்லை. 2012இல் டாம்பா நகர மன்றம் ஒரு படி மேலே போய், சலாமி சேர்ந்த தங்கள் பாணியை 'வரலாற்றுப் புகழ்மிக்க டாம்பா கியூபன் சாண்ட்விச்' என்று நகரத்தின் அடையாள உணவாகவே தீர்மானம் போட்டு அறிவித்தது. மயாமிக்காரர்கள் சிரித்தார்கள்.

இரு தரப்புக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. டாம்பாவின் கியூபர்கள் 1880களில் வேலை தேடி வந்தவர்கள். இத்தாலியர் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். மயாமியின் கியூபர்களில் பெரும்பாலோர் 1959 புரட்சிக்குப் பிறகு காஸ்ட்ரோ அரசிடமிருந்து வெளியேறி வந்தவர்கள். 1965 முதல் 1973 வரை நடந்த 'விடுதலை விமானங்கள்' மட்டுமே இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தன. 1980இல் மாரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் வந்தவர்கள் சுமார் 1,25,000. இவர்கள் ஹவானாவில் தாங்கள் கடைசியாகத் தின்றதை நினைவில் சுமந்து வந்தார்கள். அதில் சலாமி இல்லை. தாய்நாட்டை விட்டுவந்தவரிடம் போய், உங்கள் ஊர்ச் சாப்பாட்டில் இன்னொரு பொருள் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். சண்டையின் சூடு எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

காலத்தால் முந்தியது டாம்பா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ருசியில் கேட்டால் நான் மயாமிப் பக்கம். சலாமியின் மிளகுக் காரம் பன்றியில் ஏறியிருக்கும் பூண்டு மணத்தை அமுக்கிவிடுகிறது.

கீ வெஸ்ட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே 'கியூபன் மிக்ஸ்' என்ற பெயரில் விற்பதில் லெட்டூஸ், தக்காளி, மயோனைஸ்கூடச் சேர்ப்பதுண்டு. கப்பல் முதலில் நின்ற துறை அவர்களுடையது. சண்டைக்கு மட்டும் அவர்கள் வருவதில்லை.

ரொட்டிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இந்தச் சாண்ட்விச்சில் கடையில் வாங்கிச் சமாளிக்க முடியாத பொருள் அது ஒன்றுதான். ஹாமும் சீஸும் எங்கும் கிடைக்கும். பன்றியை வீட்டில் வேகவைக்கலாம். கியூபன் ரொட்டிக்கு மட்டும் ஈடில்லை.

மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை ஆகியவற்றோடு பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் இதன் தனித்தன்மை. கொழுப்பு சேர்வதால் உள்ளே பஞ்சுபோல் மிருதுவாக இருக்கும்; மேல்தோல் காகிதம்போல் மெல்லியதாக, தொட்டால் உதிரும். பிரெஞ்சு பகெட் ரொட்டியின் தோல் தடிமன். அதை அழுத்தினால் இன்னும் இறுகி மேலண்ணத்தைக் கிழிக்கும். கியூபன் ரொட்டியை அழுத்தினால் தோல் மொறுமொறுப்பாகும், உள்சதை ஒடுங்கி இறைச்சியோடு ஒட்டிக்கொள்ளும்.

டாம்பாவில் லா செகுந்தா என்ற பேக்கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1915இல் ஹுவான் மொரே என்ற கத்தலானியர் தொடங்கியது; இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அங்கே மாவை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு உருட்டிப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் பச்சை ஓலைக் கீற்று ஒன்றை நீளவாக்கில் வைக்கிறார்கள். பால்மெட்டோ என்ற, பனை இனத்துக் குட்டை மரத்தின் ஓலை அது. அடுப்பில் ரொட்டி உப்பும்போது, ஓலை படிந்த கோட்டின் வழியே தோல் ஒழுங்காக வெடித்துப் பிளக்கிறது. மற்ற பேக்கரிகள் பிளேடால் கீறிச் செய்யும் வேலையை இங்கே ஓலை செய்கிறது. ரொட்டி வெளியே வரும்போது ஓலை கருகிச் சுருண்டு, பிளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குபவர் உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். முதல்முறை வாங்குபவர்கள் ரொட்டியில் குப்பை கிடக்கிறது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பதும் உண்டு.

அந்தக் காலத்தில் ஈபோர் சிட்டி வீடுகளின் வாசலில் ஓர் ஆணி அடித்திருப்பார்களாம். விடியற்காலையில் ரொட்டிக்காரர் வந்து நீள ரொட்டியை அந்த ஆணியில் குத்தி மாட்டிவிட்டுப் போவார். வீட்டுக்காரர்கள் எழுந்து எடுத்து, பால் காபியில் தோய்த்துத் தின்றுவிட்டு ஆலைக்குக் கிளம்புவார்கள். கொழுப்பு சேர்த்தும்கூட இந்த ரொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும் என்பதால் தினமும் புதிது வேண்டியிருந்தது.

கியூபன் ரொட்டி கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

தோல் மெல்லியதாக, உள்ளே மிருதுவாக இருக்கும் எந்த நீள ரொட்டியும் பரவாயில்லை. வியட்நாமியர் பான் மீ என்ற தங்கள் சாண்ட்விச்சுக்குப் பயன்படுத்தும் ரொட்டி ஓரளவு கிட்டே வரும். புளித்தமாவு ரொட்டி வேண்டாம். அதன் புளிப்பு ஊறுகாயோடு மோதும். துண்டு போட்ட சதுர ரொட்டியில் செய்தால் நல்ல டோஸ்ட் கிடைக்கும். அதைக் கியூபன் என்று கூப்பிடாதீர்கள்.

பன்றி இறைச்சியை எப்படி ஊறவைக்கிறார்கள்?

ஊறவைக்கும் கலவைக்கு 'மோஹோ' என்று பெயர். அதன் உயிர், கியூபாவில் விளையும் ஒருவகைப் புளிப்பு ஆரஞ்சின் சாறு. அது கிடைக்காத இடங்களில் இரண்டு பங்கு ஆரஞ்சுச் சாற்றோடு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு கலந்துகொள்வது கியூபக் குடும்பங்களே கையாளும் வழி.

இரண்டு கிலோ தோள்பட்டைக் கறிக்கு ஒரு முழுப் பூண்டு, ஒரு கப் சாறு, ஒரு தேக்கரண்டி சீரகப் பொடி, இரண்டு தேக்கரண்டி காய்ந்த ஓரிகானோ, ஒரு மேசைக்கரண்டி உப்பு, கால் கப் ஆலிவ் எண்ணெய் போதும். பூண்டை உப்போடு சேர்த்து இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் மையாக அரைத்தால் அடுப்பில் கருகிக் கசக்கும். கறியில் கத்தியால் ஆழமாகக் குத்தித் துளைகள் போட்டு, கலவையை உள்ளே திணித்து, ஓர் இரவு குளிர்பெட்டியில் விடுங்கள். மறுநாள் ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் மூன்றரை மணியிலிருந்து நான்கு மணி நேரம் வரை, முதலில் மூடியும் கடைசி அரை மணி திறந்தும் வேகவைக்க வேண்டும்.

தோள்பட்டைதான் வேண்டும், தொடைக்கறி வறண்டுவிடும். தோள்பட்டையில் நாரும் கொழுப்பும் அதிகம். அவசரப்பட்டு எடுத்தால் ரப்பர்போல் இழுக்கும். பொறுமையாக விட்டால் அந்த நார்கள் கரைந்து குழையும். ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும். வெட்டிய துண்டுகளின் மேல், வெந்த தட்டில் தேங்கிய சாற்றை இரண்டு கரண்டி விடுங்கள்.

ஒரு விஷயம் இங்கே பொருத்தமாக வருகிறது. நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவள்ளியை அமெரிக்காவில் 'கியூபன் ஓரிகானோ' என்ற பெயரில் விற்கிறார்கள். ஓரிகானோ கிடைக்காதவர்கள் அதைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டு இலையைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள், மணம் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் சளிக் கஷாயத்தில் பன்றி ஊறிய கதையாகிவிடும்.

மற்றப் பொருள்கள்?

ஹாம் இனிப்புப் பாகில் பதப்படுத்தியதாக, மெல்லிய சீவலாக இருக்க வேண்டும். சீஸ் என்றால் துளை விழுந்த ஸ்விஸ் வகை மட்டுமே. செடார் போட்டால் எண்ணெய் கக்கும். ஊறுகாய் என்பது சதகுப்பை மணக்கும் உப்புநீர் வெள்ளரி ஊறுகாய். இனிப்பு ஊறுகாயைத் தவிருங்கள். மஸ்டர்ட் மஞ்சள் நிறத்து மலிவு வகைதான். விலை உயர்ந்த டிஜோன் வகையைப் போட்டு இதைக் 'கௌரவப்படுத்துகிற' சமையல்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மயோனைஸ்?

வேண்டாம்.

எந்த வரிசையில் அடுக்குவது?

இதற்கும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விதி வேறு. நான் செய்வது: கீழ் ரொட்டியின் மேல் ஹாம், அதன்மேல் பன்றி இறைச்சி, பிறகு சீஸ், சீஸின் மேல் ஊறுகாய், மேல் ரொட்டியின் உட்புறத்தில் மஸ்டர்ட். ஊறுகாயின் நீர் கீழே இறங்காமல் உருகிய சீஸ் தடுத்துவிடும், அடி ரொட்டி நசநசக்காது. இருபது சென்டிமீட்டர் நீளத் துண்டுக்கு ஹாம் 80 கிராம், பன்றி 100 கிராம், சீஸ் இரண்டு சீவல், ஊறுகாய் நான்கு வட்டு. இதற்கு மேல் திணிக்காதீர்கள். கண்காட்சிக்கு வைத்தாற்போல் கையகல உயரத்துக்கு அடுக்கினால் நடுப்பகுதி சூடாவதற்குள் வெளித்தோல் கரிந்துவிடும்.

அழுத்தும் கருவி இல்லையே, தோசைக்கல்லில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கடைகளில் இருக்கும் 'பிளாஞ்சா' என்ற கருவி கீழே ஒரு வழவழப்பான தட்டு, மேலே கைப்பிடியுடன் இன்னொரு கனத்த தட்டு, அவ்வளவுதான். இரண்டும் சூடாக இருக்கும் என்பது மட்டும்தான் நம் அடுப்பில் இல்லாத வசதி.

குழிவில்லாத, தட்டையான இரும்புத் தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியை அப்படியே அடுக்கக் கூடாது. முதலில் ஹாமையும் பன்றியையும் கல்லில் போட்டு, ஓரம் லேசாகச் சிவக்கும்வரை புரட்டி எடுங்கள். பலர் இதைச் செய்யாமல், வெளியே மொறுமொறு, உள்ளே ஜில்லென்ற சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு ரொட்டியைக் குறை சொல்கிறார்கள். அடுக்கி முடித்ததும் ரொட்டியின் இருபுறமும் வெண்ணெய் தடவி, சிறு தீயில் வையுங்கள். இன்னொரு கனத்த இரும்புச் சட்டியைப் பக்கத்து அடுப்பில் சூடுபடுத்தி, அலுமினியத் தாள் சுற்றி, மேலே வைத்து, ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுத்துங்கள். நான்கு நிமிடம் கழித்துத் திருப்பி, இன்னும் மூன்று நிமிடம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இரண்டு. உயரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். ஓரத்தில் சீஸ் கசிந்து கல்லில் பட்டுப் பொரியத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒலி கேட்டதும் எடுத்துவிடலாம். கூர்மையான பெரிய கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். ரம்பப் பல் கத்தியால் அறுத்தால் அடுக்குகள் வழுக்கி வெளியேறும்.

டாம்பாவின் பழைய கடைகள் சிலவற்றில் அழுத்தாமலும் கேட்டு வாங்கலாம். ரொட்டி அன்று காலையில் சுட்டதாக இருந்தால் அதுவும் தப்பில்லை.

இதற்கும் பனினிக்கும் என்ன வித்தியாசம்?

பனினி இத்தாலியர் வழி வந்தது. அதன் கருவியில் வரிவரியாக மேடு இருக்கும், ரொட்டியில் கோடு விழும். கியூபன் கருவி வழவழப்பானது. கோடு விழுந்தால் அந்தக் கோடுகள் மட்டும் மொறுமொறுப்பாகி இடைவெளிகள் மெத்தென்று நின்றுவிடும். கியூபனில் தோல் முழுவதும் ஒரே சீராகப் பொன்னிறமாக வேண்டும்.

மெடியாநோச்சே என்று ஒன்று இருக்கிறதே?

உள்ளே இருப்பது அதே பொருள்கள்; ரொட்டி வேறு. முட்டையும் சர்க்கரையும் சேர்த்த மஞ்சள் நிறத்து மிருதுவான சிறு ரொட்டி. ஹவானாவில் நடனக் கூடங்களும் நாடகங்களும் முடிந்து நள்ளிரவில் வருபவர்கள் தின்றதால் அந்தப் பெயர். இனிப்பும் உப்பும் சேர்ந்த ருசி பிடிக்குமென்றால் கியூபனைவிட இதுவே உங்களுக்குப் பிடிக்கும். அளவும் சிறியது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில உறுப்பினர்கள் உண்டு. ஊறிய பன்றியையும் வெங்காயத்தையும் மட்டும் வைத்தால் 'பான் கான் லெச்சோன்'. கியூபன் சாண்ட்விச்சுக்குள் ஹாமை அரைத்துப் பொரித்த குரோக்கெட்டுகளை நசுக்கி வைத்து அழுத்தினால் 'குரோக்கெட்டா பிரெபராதா'. மயாமியில் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு ஏற்றது. 'எலேனா ரூஸ்' என்பதில் வான்கோழி, கிரீம் சீஸ், ஸ்ட்ராபெரி ஜாம். ஹவானாவின் வெடாடோ பகுதியில் இருந்த எல் கார்மெலோ என்ற கடையில் தனக்கு இப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஓர் இளம்பெண்ணின் பெயர் அது. கேட்டதும் முகம் சுளிப்பீர்கள். தின்றபின் வாதாட மாட்டீர்கள்.

கியூபாவுக்குப் போனால் அசல் கிடைக்குமா?

சுற்றுலாப் பயணிகள் வரும் உணவகங்களில் கிடைக்கும். ஆனால் பயணத் திட்டத்தை இதற்காக வகுக்காதீர்கள். 1962இலிருந்து அங்கே உணவு பங்கீட்டு அட்டையில்தான் வந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு வந்த பஞ்ச காலத்தில் இறைச்சியே அரிதாயிற்று. ஹாம், சீஸ், வறுத்த பன்றி மூன்றும் ஒரே ரொட்டிக்குள் என்பது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத ஆடம்பரம். ஹவானாவில் பேணப்பட வேண்டிய ஒரு பழக்கத்தை, ஹவானாவை விட்டுப் போனவர்கள் ஃப்ளோரிடாவில் பேணிவந்தார்கள். அதனால்தான் இதைக் குடியேறியவர்களின் உணவு என்று சொல்கிறோம்.

ஃப்ளோரிடாவில் எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது?

டாம்பாவில் கொலம்பியாவும் லா செகுந்தாவும். மயாமியில் 1971இல் ஃபெலிப்பே வால்ஸ் தொடங்கிய வெர்சாய் உணவகத்துக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும். கியூப அரசியலில் எது நடந்தாலும் தொலைக்காட்சி நிருபர்கள் முதலில் ஓடி வந்து நிற்பது அதன் வாசலில்தான். ஆனால் உள்ளே மேசையில் உட்காராதீர்கள். பக்கவாட்டில் 'வெந்தானித்தா' என்ற சன்னல் இருக்கும். வெளியே நின்றபடியே கேட்டு, வாங்கி, நின்றபடியே தின்பதற்கான இடம் அது.

அங்கே சாண்ட்விச்சோடு காபி சொல்லும்போது கவனம் தேவை. 'கஃபேசித்தோ' என்றால் ஒருவருக்கான சிறு குவளை, சர்க்கரையோடு அடித்து நுரைத்த கருங்காபி. 'கோர்த்தாதித்தோ' என்றால் அதில் கொஞ்சம் பால். 'கொலாதா' என்று கேட்டால் ஒரு பெரிய குவளை நிறைய அதே கடுங்காபியும், அதோடு மருந்து மூடி அளவில் ஐந்தாறு பிளாஸ்டிக் கிண்ணங்களும் தருவார்கள். அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் பகிர்ந்து ஊற்றுவதற்காக வாங்குவது அது. தெரியாமல் ஒருவரே முழுவதையும் குடித்துவிட்டு இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பயணிகள் ஏராளம்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்யலாம்?

முழு மனதோடு வேறு ஒன்றைச் செய்யலாம். பிஞ்சுப் பலாக்காயை மோஹோவில் ஊறவைத்து வதக்கி, சீஸும் ஊறுகாயும் மஸ்டர்ட்டும் வைத்து அழுத்தினால் நன்றாகவே இருக்கிறது. கோழித் தொடைக் கறியும் மோஹோவை நன்றாக ஏற்கும். அதற்கு ஓர் இரவெல்லாம் வேண்டாம், இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெளியூரில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இறைச்சியே இல்லாவிட்டாலும் அசல் கியூபன் ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். சைவர்களும் இஸ்லாமியர்களும் ரொட்டியைப் பற்றிக் கேட்காமல் வாங்கக் கூடாது. தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்யும் பேக்கரிகளும் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடலாமா?

மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், ரொட்டி செருப்புத் தோல்போல் ஆகிவிடும். எண்ணெய் விடாத கல்லில் சிறு தீயில், மூடி போட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சூடாக்கினால் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வரும். ஊறுகாயை முதலிலேயே எடுத்துவிட்டு, சூடானபின் புதிதாக வையுங்கள்.